சுருக்கெழுத்தில் ஒரு மலை

ஐம்பத்தொன்பது வயதில் அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பல்கலைக்கழகம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தார்கள், சான்றிதழைப் பார்த்தார்கள், ஓர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். "இந்த வயசுல படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப் போறே?" என்றாள் தங்கை. "அதுவும் கல்லைப் பத்தியா?" என்றார் தங்கையின் வீட்டுக்காரர், வேறு நல்ல படிப்பே கிடைக்கவில்லையா என்ற முகத்தோடு. அவர் மட்டும் என்ன படித்துக் கிழித்தார் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கல்லைப் பற்றித்தான். நிலவியல். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் அவள். நீதிபதிக்குக் கீழே, வக்கீல்களுக்கு நடுவே, ஒரு சின்ன மேசை. வந்ததில் பாதி நில வழக்கு. இந்த வேலி என்னுடையது, அந்த மூலை எங்கள் தாத்தாவுடையது என்று ஆளாளுக்குத் தொண்டை கிழியப் பேசுவார்கள். அவள் தலைநிமிராமல் எழுதுவாள். இத்தனை பேர் பேசுகிறார்களே, அந்த நிலம் ஒரு நாளாவது சாட்சிக் கூண்டில் ஏறியதா என்று அவளுக்கு எப்போதோ ஒரு நினைப்பு வந்தது. அப்போது அதற்கு நேரமில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் அதை எடுத்துத் தூசி தட்டினாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர், பஸ் டிரைவர். "போயேன்," என்றார். "நான் முப்பது வருஷம் ஒரே ரூட்ல போய்ட்டு வந்தவன். நீயாவது வேற பஸ் ஏறு."

அப்படித்தான் ஏறினாள்.

வகுப்பு மூன்றாவது மாடியில், மதியம் இரண்டு மணிக்கு. படம் போட்டுக் காட்ட வேண்டும் என்பதற்காகத் திரைச்சீலைகளை இழுத்துவிடுவார்கள். சுவரில் மலைகளின் வெட்டுத் தோற்றம் பழுப்பும் சாம்பலுமாக நீண்டு கிடக்கும். தலைக்கு மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். சாப்பிட்டுவிட்டு வந்த நாற்பது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தாலாட்டு வேண்டுமா? கால் மணி நேரத்தில் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். அவள் பக்கத்து இருக்கைக்காரி தொடங்கும்போதே தூங்கிவிடுவாள். விடியற்காலையில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வருகிற பெண். அவளுக்கு வகுப்பே வைத்த பெயர் தூங்குமூஞ்சி. நம்மவளுக்கு வைத்த பெயர் கோர்ட்டம்மா.

பேராசிரியருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. அவளைவிடப் பத்தொன்பது வயது சின்னவரை அவள் "சார்" என்பதும், அவர் அவளை "அம்மா" என்பதும் முதல் வாரம் இருவருக்குமே கூச்சமாக இருந்து, பிறகு பழகிவிட்டது. அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார். நேற்றுக் கண்ட கனவைச் சொல்கிற மாதிரி சொல்வார். "இந்த ரூம் இருக்கிற இடத்துல ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. அந்த ஜன்னல் உயரத்துக்குத் தண்ணி. சத்தமே இல்லாம மண் வந்து படிஞ்சுக்கிட்டே இருந்துச்சு." அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தண்ணீர் ஏறும். மீன்கள் விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போகும். சைக்கிள் நிறுத்தம் மெல்லச் சேற்றில் புதையும்.

ஆனால் கை எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் வேடிக்கை. காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடும், நடுவில் தலை என்று ஒன்று இருப்பதையே அது மதிப்பதில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். கேட்டாளா என்றால் கேட்கவில்லை; கேட்கவில்லையா என்றால் ஒரு வார்த்தை தப்பவில்லை. கை பாட்டுக்கு ஓட, அவள் ஜன்னலோர சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகிற பிரயாணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் வேறு எங்கும் இருந்ததில்லை. வீடு திரும்பியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அன்றைய சுருக்கெழுத்தை நல்ல எழுத்தில் பெயர்த்து எழுதுவாள். எழுதியது மனப்பாடமாகிவிடும். அதற்கென்று அவள் எந்தப் பிரயத்தனமும் செய்வதில்லை.

முதல் பருவத் தேர்வு வந்தது. 'மலைகள் எவ்வாறு உருவாகின்றன, விளக்குக' என்று கேள்வி. அவள் இருபத்திரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து ஒரு டீ குடித்தாள். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. விடைத்தாளில் முறைகேடு செய்ததாகச் சந்தேகிக்கப்படுவதால் துறைத் தலைவி முன் ஆஜராக வேண்டும். முறைகேடு உறுதியானால் பெயர் நீக்கப்படும்.

கடிதத்தை வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். "காப்பியடிச்சியா?"

"எதைப் பார்த்து அடிக்க? எல்லாம் என் தலைக்குள்ள இருக்குங்க."

"அதைச் சோதனை போட முடியாதே," என்றார் அவர் கவலையாக.

அவளுக்கு அந்த ஜன்னலோர சீட்டிலிருந்து தன்னை இறக்கிவிடப் போகிறார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுகூட அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

துறைத் தலைவியின் அறை முழுக்கக் கற்கள். காகிதம் பறக்காமலிருக்க ஒன்று, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒன்று, அலமாரி நிறைய மற்றவை. தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். பக்கத்தில் பேராசிரியர், தானே மாட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இது இவரோட பதினாலாவது வகுப்பு," என்றார் தலைவி, விடைத்தாளைத் தட்டி. "இவர் பேசினதுல ஒரு வார்த்தை பிசகலை. நான் படிக்கிறேன், கேளுங்க. 'ரெண்டு பக்கத்திலேயிருந்தும் அழுத்தம் வர வர நடுவுல இருக்கிறது எங்க போகும்? மேல போகும். விளங்குதா? அடைப்புக்குறிக்குள்ள, வகுப்பு மௌனம்.' அப்புறம் இங்க பாருங்க. 'அடைப்புக்குறிக்குள்ள, ஆசிரியர் தண்ணீர் அருந்துகிறார்.'"

பேராசிரியர் இருமி, சிரிப்பை விழுங்கினார்.

"ஈயடிச்சான் காப்பின்னு கேள்விப்பட்டிருக்கேன். இது ஈ பறந்த சத்தத்தையும் சேர்த்து அடிச்ச காப்பி. காதுக்குள்ள ஏதாவது வச்சிருந்தீங்களா? போன்ல பதிவு பண்ணி ஓடவிட்டீங்களா? பையில என்ன இருந்துச்சு? சொல்லுங்கம்மா. சொல்லாம அங்க என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மடியில் நோட்டு விரிந்திருந்தது, கையில் பென்சில். யாரோ விசாரணை நடத்துகிறார்கள், கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. விசாரிக்கப்படுவது தான்தான் என்பதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"பழக்கம் மேடம். மன்னிச்சிடுங்க."

"படிங்க, என்ன எழுதியிருக்கீங்கன்னு."

அவள் படித்தாள். நீதிமன்றத்தில் படிப்பதுபோலவே ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். இது இவரோட பதினாலாவது வகுப்பு என்பதிலிருந்து, ஈ பறந்த சத்தம் வரை, ஒன்று விடவில்லை. அதற்கு முன்னால், அவள் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது தலைவி பேராசிரியர் பக்கம் திரும்பி முணுமுணுத்ததும் வந்தது. "'இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை. பேரன் பேத்தியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கலாம்ல.'"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

"எனக்குப் பேரன் பேத்தி இல்லை மேடம்," என்றாள் அவள். அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள்.

"மேடம், இன்னொண்ணு," என்று பேராசிரியர் விடைத்தாளை இழுத்துக்கொண்டார். "பதினேழாம் பக்கம். இந்த ஒரு வரி நான் சொன்னதில்லை. 'இந்த மாலை நின்னுக்கிட்டிருக்கிறதா நாம நினைக்கிறோம். இல்லை. மாலை நகர்ந்துக்கிட்டிருக்கு, நம்ம நகம் வளர்ற வேகத்துல.' நான் சொன்னது மலை. பதிவைக் கேட்டு எழுதியிருந்தா இந்தத் தப்பு வராது. இது எங்கேயிருந்து வந்துச்சும்மா?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

சுருக்கெழுத்தில் வேகம் வேண்டுமென்றால் உயிரெழுத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கினாள். மெய்யெழுத்துக்கு ஒரு கோடோ வளைவோ உண்டு. அகரமும் ஆகாரமும் பக்கத்தில் வைக்கிற புள்ளிகள், அவற்றுக்கு நேரமிருக்காது. மலை என்றாலும் மாலை என்றாலும் ஓட்டத்தில் ஒரே கிறுக்கல்தான். பிறகு பெயர்க்கும்போது இடம் பார்த்து நாமாக உயிர் கொடுத்துக்கொள்ள வேண்டும். "அன்னிக்கு ஜன்னல்கிட்ட உட்கார்ந்து எழுதினேன் சார். வெயில் இறங்கிக்கிட்டிருந்துச்சு. போகவே மனசில்லாம இறங்குற மாதிரி இருந்துச்சு. மாலைன்னு போட்டுட்டேன் போலிருக்கு."

பேராசிரியர் அந்த வரியை மறுபடி படித்தார், உதடு மட்டும் அசைய. "இருபத்திரண்டு பக்கத்துல நீங்க இருக்கிறது இந்த ஓர் இடத்துலதான்," என்றார்.

காப்பி இல்லை என்று தீர்ந்தது. ஆனால் தலைவி லேசில் விடுகிற ஆளில்லை. "இந்த விடைக்கு யாருக்கு மார்க் போடுறது? இவருக்குத்தான் போடணும். இவர் ஏற்கெனவே பாஸானவர்." அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேர மறுதேர்வு. சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பேராசிரியரின் வார்த்தை ஒன்று வந்தாலும் செல்லாது. தேறாவிட்டால் அடுத்த பருவம் கிடையாது.

சொந்த வார்த்தை. வீட்டுக்கு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு முயன்றாள். முதல் வரி பேராசிரியர் குரலில் வந்தது. அடித்தாள். இரண்டாவது வரி ஒரு வக்கீலின் குரலில் வந்தது, கனம் நீதிபதி அவர்களே என்று சொல்லாத குறைதான். அதையும் அடித்தாள். யாருமே பேசாத ஒரு வரிக்காகக் காத்திருந்தாள். தாள் வெளுப்பாகவே கிடந்தது. அவளுக்குப் பயமாகிவிட்டது. தேர்வைப் பற்றிய பயம் கொஞ்சம்தான். இத்தனை வருடம் ஊரார் பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தோமே, அதை இறக்கிவைத்தால் அடியில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"எனக்குன்னு பேச்சே இல்லையோன்னு இருக்குங்க," என்றாள் வீட்டுக்காரரிடம்.

"யாரு, உனக்கா?" என்றார் அவர். "நேத்துக் குழம்புல உப்பு கம்மின்னு அரை மணி நேரம் பேசினியே, அது எந்த வக்கீல் சொல்லிக்கொடுத்தது?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முழுவதும் நகருக்கு வெளியே போனது. புதுச் சாலை போட ஒரு குன்றை நடுவில் அறுத்திருந்தார்கள். காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரர் அவள் பையைத் திறந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். நோட்டு பாதிதான் நுழைந்தது. "சாயங்காலம் வந்து வாங்கிக்கோ," என்றார்.

அறுபட்ட குன்று இரண்டாள் உயரத்துக்கு நின்றது. பேராசிரியர் முன்னால் நின்று பேசினார். காற்று அவர் பேச்சை அள்ளி எங்கோ கொண்டுபோனது. வழக்கமாக இருந்தால் அவள் முண்டியடித்துப் போய்ப் பக்கத்தில் நின்றிருப்பாள். கை காலியாக இருந்ததால் போகத் தோன்றவில்லை. பின்தங்கி, வெயில் பட்ட பாறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. கண்ணுக்கு நேரே வரிகள், மெல்லியது, தடித்தது, மறுபடி மெல்லியது. ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு நடந்தாள். இருபது அடிக்கு அந்த வரி அவளோடு கூடவே வந்தது. பிறகு கீழே வளைந்து, மறுபடி ஏறியது. எங்கிருந்தோ ஒரு பறவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நேரம் என்ன ஆனதென்று தெரியவில்லை. பிள்ளைகளின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. விரலுக்கு அடியில் ஏதோ ஒரு பருவத்தின் மண். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் எதையும் எழுதவில்லை, ஆனாலும் அது அங்கே இருந்தது. இதற்காகத்தான் வந்தேன் என்று அவள் நினைத்தாள். நன்றாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது தலை தூங்குமூஞ்சியின் தோளில் இருந்தது.

"கோர்ட்டம்மா, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குனீங்க," என்றாள் அந்தப் பெண் பெருமையாக. "நான் இன்னிக்கு முழிச்சிருந்தேன்."

"சார் என்ன சொன்னாரு?"

"தெரியலையே. நான் நீங்க சுவத்தைத் தடவிக்கிட்டுப் போறதையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர் தன் அறையில், அவள் முன்னால் ஒரு கல்லை வைத்தார். செங்கல் அளவு. ஒரு பக்கம் அறுத்து மெருகு தீட்டியிருந்தது, அதில் சாம்பல் நிற வரிகள் சீராக ஓடின. "கேள்வித்தாள் கிடையாதும்மா. இதைப் பத்தி எழுதுங்க. ஒரு மணி நேரம்." அவர் ஜன்னல் பக்கம் போய் ஏதோ புத்தகத்தில் மூழ்கினார்.

அவருடைய வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. இந்தக் கல்லை அவர் வகுப்பில் காட்டியிருக்கிறார். ஏரியின் அடியில், அலையில்லாத தண்ணீரில், வருடத்துக்கு ஒரு வரியாகப் படிந்தது. அச்சு அசலாகச் சொல்ல அவளால் முடியும். அவள் அவற்றைப் போகவிட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கல்லைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. தீட்டிய பக்கத்தைப் பார்த்தாள், பிறகு திருப்பித் தீட்டாத பக்கத்தைப் பார்த்தாள். நகத்தால் நெருடினாள். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு எழுதத் தொடங்கினாள். இருபத்திரண்டு பக்கமெல்லாம் இல்லை. பதினோரு வரி, அதில் மூன்று அடித்தல்.

பேராசிரியர் வந்து வாங்கிப் படித்தார். புருவம் சுருங்கியது.

"ஒரு நாள் பெரிய தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. இது அமைதியான ஏரிம்மா. வகுப்புல சொன்னேனே. வெள்ளமே..."

"இல்ல சார்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் தன் வேலைக் காலம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை இடைமறித்ததே இல்லை. அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து பழகிய வாய் அது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு சார். ஆனா கல்லுல அப்படி இல்லை. இந்தப் பக்கம் பாருங்க."

அவர் கல்லை வாங்கித் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். சீரான மெல்லிய வரிகளுக்கு நடுவே, நகத்தின் தடிமனுக்கு ஒரு பட்டை, அடியில் சர்க்கரை மாதிரிக் கரகரப்பு, மேலே போகப் போக நைசு. தீட்டிய பக்கத்தில் அது வழவழப்பில் மறைந்துபோயிருந்தது. பதினோரு வருடமாக அவர் அந்தக் கல்லைத் தீட்டிய பக்கத்தை வைத்தே காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தேறுவோமா மாட்டோமா என்று நினைக்க வேண்டியவள், அந்தத் தண்ணீர் எப்படி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளம்னு சொல்ல முடியாது," என்றார் கடைசியில். "கரை சரிஞ்சு விழுந்திருக்கலாம். இவ்வளவு கரகரப்பான மணல் வந்து படியணும்னா தண்ணி கலங்கியிருக்கணும். ஆனா அமைதியா இல்லை. அந்த நாள் மட்டும் அமைதியா இல்லை." கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "தேறிட்டீங்க, அதை விடுங்க. எனக்கு இதைச் சொல்லுங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? முதல்லேயிருந்து சொல்லுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். கல்லை எப்படிப் பிடித்தாள், எங்கே நகம் தட்டுப்பட்டது, அடியில் கரகரப்பாக இருப்பது மேலே ஏன் நைசாகிறது என்று தனக்குத் தோன்றியது என்ன. வார்த்தை தடுமாறியது. சில இடத்தில் சரியான பெயர் தெரியாமல் கையால் காட்டினாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை, அது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கும் தெரியவில்லை. மேசையில் தேடி ஒரு தாளை இழுத்து, குனிந்து எழுதத் தொடங்கியிருந்த பேராசிரியர் தலையை நிமிர்த்தாமலே இடது கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா," என்றார். "எழுதிக்கிறேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள்.